பையைக் கீழே வையுங்கள் அக்கா, ராட்டினம் காத்திருக்கிறது!

ஆணுக்கு அறுபது நிறைந்தால் திருக்கடையூரில் மணிவிழா. எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். மூன்றிலும் மனைவி பக்கத்து மணையில் புதுப்புடவையோடு உட்கார்ந்திருப்பார், இன்னொரு முறை தாலியும் கட்டிக்கொள்வார். ஆனால் நாள் குறிப்பது கணவரின் வயதை வைத்துத்தான். பெண்ணுக்கென்று தனியாக நம் வீடுகளில் நடக்கும் விசேஷங்கள் மஞ்சள் நீராட்டில் தொடங்கி வளைகாப்போடு முடிந்துவிடுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு முப்பது வயதுக்குள் அத்தனையும் ஓய்ந்துவிடும். அதன்பிறகு அவர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும், அவருக்கு இத்தனை வயது ஆகிறது என்பதற்காக யாரும் பந்தி போடுவதில்லை.

இதைப் பெண்களே இப்போது மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கல்லூரித் தோழிகள் ஒரே நிறத்தில் புடவை எடுத்து, ஓட்டலில் கேக் வெட்டுகிறார்கள். கொடைக்கானலுக்கு வேன் பிடிக்கிறார்கள். அந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை. பிள்ளைகள் வேண்டாம், பேரன் பேத்திகள் வேண்டாம். பெரியவர்கள் மட்டும் சேர்ந்து ஒரு தீம் பார்க்குக்குப் போய், நாள் முழுக்க விளையாடிவிட்டு வாருங்கள்.

நிழலில் ஒரு பெஞ்சு

விடுமுறை நாளில் எந்தத் தீம் பார்க்குக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பெரிய ரைடு ஒவ்வொன்றின் வாசலிலும் நிழலாக ஓர் இடம் இருக்கும். அங்கே நடுவயதுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் இரண்டு பை, காலடியில் நான்கு ஜோடி செருப்பு, கைக்குள் மூன்று செல்போன், யாருடையதோ மூக்குக்கண்ணாடி, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். "நீங்க போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கும் முழு டிக்கெட்தான் எடுத்திருப்பார்கள். கட்டிய பணத்துக்கு அவர்கள் கண்டது அந்த பெஞ்சு மட்டும்.

டிஸ்னிலாந்தே அப்படியொரு பெஞ்சில் பிறந்ததுதான். லாஸ் ஏஞ்சலீஸில் கிரிஃபித் பூங்கா என்று ஓர் இடம். அங்கே இரண்டு மகள்களையும் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, வால்ட் டிஸ்னி பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த பெஞ்சில்தான் முளைத்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறந்தபோது அவருக்கு வயது 53. உலகத்துக்கே வழிகாட்டிய தீம் பார்க்கைக் கட்டியவர் ஐம்பதைத் தாண்டியவர், பெஞ்சில் உட்கார்ந்து சலித்துப்போனவர். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அவருக்கு முந்தைய கதையையும் பார்த்துவிடலாம். கேளிக்கைப் பூங்காக்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. கோபன்ஹேகனில் 1843ல் திறந்த டிவோலிப் பூங்காவுக்கு ஊர்ப் பெரியவர்கள் மாலையில் உலாவவும் இசை கேட்கவும் வந்தார்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1884ல் லாமார்க்கஸ் தாம்சன் ஒரு சறுக்கு ரயிலை ஓட்டினார். கட்டணம் ஐந்து சென்ட், வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதான். அதில் ஏற வரிசையில் நின்றவர்கள் வேலை முடித்து வந்த ஆண்களும் பெண்களும். 1893ல் சிகாகோ பொருட்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் நிறுத்திய ராட்சத ராட்டினம் 80 மீட்டர் உயரம். அதில் 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர் ஏறலாம். தொப்பியும் நீளப் பாவாடையுமாக ஊரே அதில் ஏறியது.

நம் ஊரில் மட்டும் என்னவாம்? தீவுத்திடல் பொருட்காட்சி, மதுரை சித்திரைப் பொருட்காட்சி, மாரியம்மன் கோயில் திருவிழா என்று எங்கே ராட்டினம் போட்டாலும் ஊர் மொத்தமும்தான் ஏறும். டெல்லி அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரணக் கிணற்றை எட்டிப் பார்த்த சிறுமிகளுக்குத்தான் இன்று ஐம்பது வயது. அவர்களில் பலருக்கு ராட்டினம் நின்றுபோனது பூப்பெய்திய வருஷத்தில். "இனிமே இதுல எல்லாம் ஏறக்கூடாது" என்று யாரோ ஒரு பெரியவர் சொல்லியிருப்பார். எதற்காக என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு இறங்கியவர்கள், பிறகு பிள்ளைகளை ஏற்றிவிடத்தான் ராட்டினத்தின் பக்கம் திரும்பி வந்தார்கள்.

முதலில் தேதி, பிறகுதான் ஊர்

பெரியவர்கள் மட்டும் போவதில் ஆகப் பெரிய லாபம் பள்ளிக்கூட விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது. இந்த ஒன்றே பாதிக் கூட்டத்தைக் குறைத்துவிடும். எனவே விமான டிக்கெட் விலையைத் தேடும் முன்பு, போகப்போகிற ஊரின் பள்ளி விடுமுறைப் பட்டியலைத் தேடுங்கள். சிங்கப்பூரில் மார்ச்சில் ஒரு வாரம், ஜூன் முழுக்க, செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் கடைசி வரை பள்ளிகள் இருக்காது. அந்த நாட்களையும், சீனப் புத்தாண்டையும், சனி ஞாயிறையும் கழித்துவிட்டு ஒரு செவ்வாயையோ புதனையோ பிடியுங்கள். பிறந்தநாள் அன்றேதான் போக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விழுந்த பிறந்தநாளை இரண்டு நாள் தள்ளிக் கொண்டாடினால் ஒரு ரைடுக்கு ஒரு மணி நேரம் நிற்பது இருபது நிமிஷமாகலாம்.

பணம்? சீட்டுப் போடுங்கள். நம் பெண்களுக்கு இதைவிடப் பழக்கமான வழி வேறில்லை. ஒரு வட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தால் எல்லோருக்கும் ஐம்பது ஒரே வருஷத்தில் வராது. யாருக்கு முதலில் வருகிறதோ அவரை மனதில் வைத்து இரண்டு வருஷம் முன்பே மாதச் சீட்டைத் தொடங்கினால், வீட்டுச் செலவில் கை வைக்காமல், யாரிடமும் கை நீட்டாமல் பயணம் நிறைவேறும். பிறந்தநாள்காரர் ஒரு ரூபாயும் தரக்கூடாது என்ற ஏற்பாடு நன்றாக இருக்கிறது. அவருடைய பங்கை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். அடுத்த வருஷம் வேறொருவர் முறை.

ஆட்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நல்லது. பெரும்பாலான ரைடுகளில் இரண்டிரண்டு பேராகத்தான் உட்காரவைப்பார்கள். ஐந்து பேர் போனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார நேரும். கூச்சமுள்ளவராக இருந்தால் "நான் வரல" என்று ஒதுங்கிவிடுவார், பழைய பெஞ்சு அவரைப் பிடித்துக்கொள்ளும்.

ஊர் எது என்று கேட்டால், முதல்முறை போகிறவர்களுக்கு நான் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். திருச்சி, கோவையிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, ரயில் நிலையப் பெயர்ப் பலகையிலும் நம் எழுத்தைப் பார்க்கலாம். பெண்கள் மட்டுமாகச் சேர்ந்து போனாலும் இரவு பதினோரு மணிக்குப் பயமில்லாமல் நடந்து விடுதிக்குத் திரும்பலாம். செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் 2010ல் திறந்தது. ஒரே நாளில் சுற்றி முடிக்கும் அளவுதான் என்பது ஐம்பது வயதுக் கால்களுக்குப் பெரிய ஆறுதல்.

கடல் தாண்ட முடியாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. கொச்சியில் 2000ல் வீகாலாண்டாகத் தொடங்கிய வொண்டர்லா, 2005ல் பெங்களூருக்கு வந்தது. மைசூரு சாலையில் பிடதிக்குப் பக்கத்தில் இருக்கிறது, வளாகத்துக்குள்ளேயே தங்கும் விடுதியும் உண்டு. 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் அருகிலும் திறந்துவிட்டார்கள். அங்கே தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டரில் கால்கள் அந்தரத்தில் தொங்கும். கையில் தாராளமாகப் பணமும் நாட்களும் இருக்கிறவர்களுக்கு டோக்கியோ டிஸ்னி ஸீயும், ஃபுளோரிடாவில் நான்கு பூங்காக்களைக் கொண்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டும் இருக்கின்றன. டிஸ்னி பூங்காக்களில் பிறந்தநாள் என்று சொன்னால் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கரோ குத்திக்கொள்ள பேட்ஜோ இலவசமாகத் தருவார்கள். அதைப் பார்க்கிற ஊழியர்கள் நாள் முழுக்க வாழ்த்துவார்கள்.

வீட்டைத் தாண்டுவதுதான் முதல் ரைடு

என் பெரியக்காவுக்கு ஐம்பது நிறைந்தபோது நாங்கள் சிங்கப்பூர் போனோம். அக்கா, அவருடைய நாத்தனார், கல்லூரித் தோழிகள், நான். விசா கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்காவின் மனது அப்போதும் பாஸ்போர்ட்டுக்குள் வரவில்லை. "அத்தானுக்கு ராத்திரி கோதுமை தோசை வேணும். அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக்குடுக்கணும். நான் ராட்டினம் ஏறப் போறேன்னு சொன்னா நாலு பேர் என்னடி சொல்லுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வழி சொன்னது அத்தைதான், அதாவது அக்காவின் மாமியார். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைக்கச் சொன்னார். மகனுக்குத் தோசை வார்க்கத் தெரியும், தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டும் என்றார். தாலிச் செயினைப் பற்றி அக்கா கேட்கத் தயங்கியதற்கும் அவரே பதில் சொல்லிவிட்டார்: "தங்கத்தைக் கழட்டி வச்சுட்டு மஞ்சக் கயித்துல கோத்துக்கோ. சட்டைக்கு உள்ள போட்டுக்கோ. போயிட்டு வா."

இதைச் சாதாரண விஷயம் என்று யாரும் கடந்துபோக வேண்டாம். பெரிய கோஸ்டர்களில் ஏறும் முன்பு கழன்று விழக்கூடிய எதையும் லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். தலைகீழாகச் சுற்றும்போது நீளச் சங்கிலி முகத்தில் அடிக்கும். தாலியோடு நாம் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள் குத்தும். துப்பட்டாவும் பின்னாத கூந்தலும் அதைவிட ஆபத்து, கோ-கார்ட் போன்ற வண்டிகளில் சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே உலை. எனவே புடவை, துப்பட்டா, தொங்கட்டான், கொலுசு அத்தனையும் விடுதியிலேயே இருக்கட்டும். பழகிய ஷூ, பேன்ட்டோ லெக்கிங்ஸோ, தொடை வரைக்கும் ஒரு பருத்தி டாப், இறுக்கப் பின்னிய தலை போதும். புது ஷூவை அன்றைக்குத்தான் முதலில் போடுவது என்று வைத்துக்கொண்டால் மதியத்துக்குள் குதிகாலில் கொப்புளம் வந்துவிடும்.

வீட்டுக்கு ஒரே ஒரு போன், அதுவும் இரவில். இந்த விதியைக் கிளம்பும் முன்பே எல்லா வீடுகளுக்கும் சொல்லிவிட வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும்போது "கேஸ் புக் பண்ணின நம்பர் எங்கே" என்று அழைப்பு வந்தால், ஆள் அங்கேயும் மனது சமையலறையிலும் நிற்கும்.

உடம்பைக் கேட்டுக்கொண்டு

ஐம்பது வயது உடம்பைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசிவிடலாம். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கழுத்து எலும்புத் தேய்மானம், முதுகுத் தண்டு வலி, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை இருப்பவர்கள் ஏறக்கூடாது என்று ஒவ்வொரு பெரிய ரைடின் வாசலிலும் பலகை இருக்கும். பலகை முன்னால் நின்று முடிவெடுப்பது மோசமான வழி. ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். "வெளிநாடு போகலாமா டாக்டர்?" என்று கேட்டால் தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்வார். "ரோலர் கோஸ்டரில் ஏறலாமா?" என்று நேராகக் கேளுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கலாம், அதையும் கேளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பெண்கள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளாத ஒன்று உண்டு. சிரித்தாலோ, தும்மினாலோ, உடம்பு குலுங்கினாலோ சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிவது. பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகள் மாதவிடாய் நிற்கும் காலத்தில் இன்னும் தளர்வதால் இது வருகிறது. ராட்டினம் வேண்டாம் என்று பல பெண்கள் சொல்வதற்கு உண்மையான காரணம் பயமாக இல்லாமல் இதுவாகவும் இருக்கலாம். பேடு வைத்துக்கொள்ளுங்கள். மாற்று உடை லாக்கரில் இருக்கட்டும். ஒவ்வொரு க்யூவிலும் நுழையும் முன்பு கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மகப்பேறு மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சொல்லித் தருவார், சில மாதங்கள் விடாமல் செய்தால் பலருக்கு நல்ல பலன் கிடைக்கும். கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், மற்றவர்களும் சொல்வார்கள். எங்கள் கூட்டத்தில் அதுதான் நடந்தது. விமானத்தில் ஆரம்பித்த பேச்சு இறங்கும் வரை ஓயவில்லை.

குமட்டல் இன்னொரு கவலை. கண் ஒன்றைச் சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்ல, மூளை குழம்புவதால் வருவது அது. அதனால்தான் நிஜமாகவே பாயும் கோஸ்டரைவிட, உட்காரவைத்து ஆட்டி 3டி படம் காட்டும் ரைடுகள் சிலருக்கு அதிகம் புரட்டும். யுனிவர்சல் ஸ்டுடியோஸின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடில் அப்படித் தோன்றினால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், சண்டையில் பாதி அடங்கிவிடும். வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம், மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டும் ஏற வேண்டாம். பஸ் பயணத்துக்கு அவோமின் போட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள், அது தூக்கத்தைத் தரும் என்பதால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நடக்கப் பழகுவதைச் சொல்லவே வேண்டாம். நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும்தான் அங்கே வேலை. ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் காலையில் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று நடந்தால் முழங்கால் ஒத்துழைக்கும்.

தண்ணீர் விளையாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வொண்டர்லாவில் நைலான் போன்ற செயற்கை இழை நீச்சல் உடை இல்லாமல் தண்ணீருக்குள் விட மாட்டார்கள், அது சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்குமான விதி. வயிறு தெரியுமே, தொடை தெரியுமே, யாராவது போனில் எடுத்துவிடுவார்களே என்று கூசுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. முழங்கால் வரைக்கும் முழங்கை வரைக்கும் மூடும் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன, ஊரிலேயே வாங்கிப் போட்டுப் பார்த்துப் பழகிக்கொண்டு போங்கள். வார நாளில் போங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து இறங்கினால் யார் பார்க்கிறார்கள் என்பது பத்து நிமிஷத்தில் மறந்துபோகும்.

அந்த ஒரு நாள்

இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்குப் பல விமானங்கள் இரவில் கிளம்பிக் காலையில் இறங்கும். அங்கே நேரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் தூக்கம் இன்னும் குறையும். இறங்கிய அன்றே பூங்காவுக்குப் போனால் க்யூவில் நின்றபடியே தூங்கி விழுவீர்கள். முதல் நாளை ஓய்வுக்கு விடுங்கள். வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை, முகவர் மூலம் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா வசதி. காலையில் சிராங்கூன் சாலையில் இட்லியும் பொங்கலும் கிடைக்கும், 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் அங்கேதான் இருக்கிறது. பூங்காவுக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோக முடியாது, சைவத்துக்கு உள்ளே தேர்வு குறைவு. எனவே காலைச் சாப்பாட்டை இங்கேயே நன்றாக முடித்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஊதா நிற ரயிலில் ஏறினால் மாறாமல் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரன்ட்டில் இறங்கலாம். அங்கிருந்து விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், முதல் நிறுத்தத்திலேயே பூங்கா.

கதவு திறப்பதற்கு அரை மணி முன்பு வாசலில் நில்லுங்கள். நுழைந்ததும் உருண்டைப் பூகோளத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். படத்தை வெளியே வரும்போது எடுத்துக்கொள்ளலாம். நேராக நியூயார்க் வீதி வழியே சை-ஃபை சிட்டிக்கு நடந்துவிடுங்கள். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா கோஸ்டர் திறந்த வெளியில் இருக்கிறது. சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை சாதாரணம், மின்னல் தெரிந்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். எனவே வெளியில் இருப்பதைக் காலையிலும், கூரைக்குக் கீழ் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி இரண்டையும் பிற்பகலிலும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நனையவைக்கும் ஜுராசிக் பார்க் படகு மாலைக்கு. நீள வரிசையில் நிற்காமல் ரைடில் ஏறவிடும் எக்ஸ்பிரஸ் பாஸ் வார நாளில் பெரும்பாலும் தேவைப்படாது. கூட்ட நாளில் போயே ஆக வேண்டுமென்றால் மட்டும் வாங்குங்கள், அன்றைக்கு அதன் விலை டிக்கெட்டையே எட்டிப் பிடிக்கும்.

பேட்டில்ஸ்டாரில் இரண்டு தண்டவாளங்கள். சிவப்பில் உட்கார்ந்து போகலாம், 42.5 மீட்டர் உயரம், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். மற்றொன்றில் கால்கள் தொங்க, தலைகீழாகப் புரட்டும். பயப்படுகிறவர்கள் சிவப்பில் தொடங்குங்கள். இந்தக் கோஸ்டரைச் சோதனைக்காக 2013ல் நிறுத்தி, இருக்கைகளை மாற்றியமைத்து, 2015ல்தான் மறுபடி திறந்தார்கள். கூட்டம் இழுக்கும் ரைடை ஏறத்தாழ இரண்டு வருஷம் பூட்டிவைக்கத் துணிந்த இடத்தை நம்பலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். கோஸ்டர் வண்டிக்குத் தண்டவாளத்தின் மேலே மட்டும் சக்கரம் இருப்பதில்லை. கீழேயும் உண்டு. ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1919ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. வண்டி மேலே எழும்ப நினைத்தாலும் அடிச்சக்கரம் தண்டவாளத்தை விடாது. அதேபோல, தலைகீழ் வளையங்கள் முழு வட்டமாக இருக்காது, கண்ணீர்த்துளி வடிவில் இருக்கும். 1895ல் கோனி ஐலண்டில் முழு வட்டமாகக் கட்டிய ஒரு வளையம் பயணிகளின் கழுத்தைப் பதம் பார்த்தது. வெர்னர் ஷ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1976ல் கலிஃபோர்னியாவில் துளி வடிவ வளையத்தை அமைத்தபிறகுதான் தலைகீழ்ச் சுற்று உடம்புக்கு ஏற்றதானது. எண்பது வருஷம் யாரோ உட்கார்ந்து நம் கழுத்துக்காகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அக்கா ஏறினார். மேலே போகும் வரை கண்ணைத் திறக்கவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்துவிட்டது. உச்சியில் வண்டி ஒரு கணம் தயங்கி விழுந்தபோது வயிறு தொண்டைக்கு வந்தது. பக்கத்திலிருந்து வந்த குரல் அக்காவுடையது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிடும் குரலைத்தான் நான் கேட்டுப் பழகியிருக்கிறேன். அடிவயிற்றிலிருந்து, வெட்கம் எதுவும் இல்லாமல், யாரையும் கூப்பிடாமல் அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. இறங்கியதும் தலை கலைந்து, கண்ணில் தண்ணீர் வழிய, "இன்னொரு வாட்டி போலாம்டி" என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்வரிசையில் காட்சி நன்றாகத் தெரியும், கடைசி வரிசையை முன்பெட்டிகள் இழுத்துக்கொண்டு விழுவதால் உடம்பு இருக்கையிலிருந்து எழும்பும். அக்காவுக்குக் கடைசி வரிசைதான் பிடித்தது.

அவருடைய நாத்தனார் ஏறவில்லை. கழுத்து வலிக்காரர், மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அவர் கையில் ஒரு பையும் இருக்கக்கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். எல்லாம் லாக்கருக்குப் போனது. அவர் மெதுவாகப் போகும் புஸ் இன் பூட்ஸ் ரைடிலும், சூறாவளியைக் கண்முன் காட்டும் ஸ்பீல்பெர்க் அரங்கிலும், வாட்டர்வேர்ல்ட் காட்சியிலும் தன் நாளைத் தானே அமைத்துக்கொண்டார். ஏறாதவர்களைக் காவலுக்கு உட்காரவைக்காதீர்கள். ஏற மாட்டேன் என்று ஒருமுறை சொன்னவரைக் கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். பிரிந்து போய் ஒரு மணிக்கு ஓர் இடத்தில் சந்திப்பது எல்லோருக்கும் மரியாதை.

இரவில் சிராங்கூன் சாலைக்குத் திரும்பி, வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே பாயசத்தைக் கேக்காக வைத்துக்கொண்டோம். ஐம்பது மெழுகுவத்தியெல்லாம் ஏற்றவில்லை. யாருக்கும் அதற்குத் தெம்பு இல்லை, கால்களைச் செருப்பிலிருந்து விடுவித்து மேஜைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்தோம்.

இதைப் படிக்கிற மகன்களுக்கும் மகள்களுக்கும், கணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஐம்பதோ அறுபதோ நெருங்குகிறதா? நகைக்கடைக்குப் போகும் முன்பு அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாக எப்போது ராட்டினம் ஏறினீர்கள்? பதில் வந்ததும் அவருடைய தோழிகளின் எண்களை வாங்குங்கள். மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுங்கள், பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போடுங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம். அவர் போய்வரும் நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.